வாங்காத கரண்டுக்கு ஏன் காசு? அரசும் தனியாரும் சேர்ந்து மின்சாரம் தயாரிக்கும் ஏற்பாட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

சில வருஷம் முன்பு ஒரு மின்கட்டணக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். விசைத்தறி வைத்திருக்கும் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து, "வாங்காத கரண்டுக்கு எதுக்குங்க காசு கொடுக்கறீங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். தனியார் நிலையங்களிடம் மின்சாரம் எடுக்காவிட்டாலும் மின்வாரியம் அவற்றுக்கு ஒரு தொகை கட்டுவதைத்தான் சொன்னார். மேடையிலிருந்து விதி எண், பிரிவு எண் என்று பதில் வந்தது. பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை, உட்கார்ந்துவிட்டார். வெளியே டீக்கடையில் அவரைப் பார்த்தபோது, "உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிச்சீங்கல்ல? மண்டப வாடகை தனி, சாப்பாட்டுக்கு இலைக்கு இவ்வளவுன்னு தனி. நூறு பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் வாடகை அதேதான்" என்றேன். அவர் உடனே, "அப்ப ஆளே வராத கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் மண்டபத்த யாரு பிடிச்சது?" என்று கேட்டார்.

வளரும் நாடுகளில் தனியார் மின்சாரம் பற்றி நடக்கிற சண்டையில் பாதி அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். தனியார் நல்லதா அரசு நல்லதா என்ற பட்டிமன்றத்துக்கு இங்கே இடமில்லை. இரண்டும் கலந்த ஏற்பாடுதான் பெரும்பாலான நாடுகளில் இருக்கிறது: அரசின் கையில் கம்பி, மீட்டர், சில பழைய நிலையங்கள், தனியார் கையில் புது நிலையங்கள். அதை எந்த வரிசையில் கட்டினால் நிற்கும், எங்கே கோட்டைவிட்டால் கவிழும் என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

படி 1: முதலில் வாங்குபவரின் கல்லாப்பெட்டியைப் பாருங்கள்

பலரும் நிலையத்திலிருந்து தொடங்குவார்கள். எத்தனை மெகாவாட், நிலக்கரியா சோலாரா, எந்தக் கம்பெனி என்று. கடன் கொடுக்கும் வங்கி அப்படித் தொடங்காது. அது முதலில் கேட்பது, இந்த மின்சாரத்தை வாங்கப்போகும் மின்வாரியம் மாதாமாதம் பில் கட்டுமா என்பதைத்தான். ஏனென்றால் பல வருஷக் கடனுக்கு உண்மையான ஈடு அந்தக் கொதிகலனோ டர்பைனோ கிடையாது, வீடுகளிலும் கடைகளிலும் ஓடும் மீட்டர்தான்.

எனவே மூன்று கணக்கை எடுத்து மேசையில் வையுங்கள். ஒன்று, வாங்கும் நூறு யூனிட்டில் எத்தனை யூனிட்டுக்குக் காசு வருகிறது. லைன் லாஸ் (கம்பியில் வீணாவது), திருட்டு, வசூலாகாத பாக்கி எல்லாம் கழித்து. இரண்டு, ஒரு யூனிட்டை நுகர்வோரிடம் சேர்க்க ஆகும் செலவுக்கும் வசூலாகும் தொகைக்கும் இடையே எத்தனை பைசா துண்டு விழுகிறது. மூன்று, இலவச மின்சாரம், சலுகை மின்சாரம் என்று அரசு அறிவித்ததற்கான மானியம் வாரியத்தின் கைக்கு எப்போது வருகிறது. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 65-ஆவது பிரிவில், மாநில அரசு மானியத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது. நடைமுறையில் அது எத்தனை மாநிலங்களில் எத்தனை மாதம் தள்ளிப்போகிறது என்பது வாரிய ஊழியர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை பெரிய கட்டண உயர்வே இல்லை. நிலக்கரி விலை, வட்டி, சம்பளம் எதுவும் அந்த எட்டு வருஷம் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. கடைசியில் உயர்த்தியபோது ஒரேயடியாக உயர்த்த வேண்டி வந்தது. கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருப்பது மக்களுக்குச் செய்யும் நன்மை என்று நினைத்தால், அந்தக் கடனுக்கான வட்டியையும் அதே மக்கள்தான் கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

படி 2: எவ்வளவு வேண்டும் என்று நிதானமாகக் கணக்கிடுங்கள், பவர்கட் நடக்கும்போது அல்ல

மின்வெட்டு உச்சத்தில் இருக்கும்போது போடும் ஒப்பந்தம்தான் இருப்பதிலேயே மோசமான ஒப்பந்தம். அந்த நேரத்தில் பேரம் பேச யாருக்கும் தெம்பு இருக்காது.

பிலிப்பைன்ஸில் 1992, 93-இல் தினமும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கரண்ட் போனது. அவசர அதிகாரங்களோடு அரசு தனியார் நிலையங்களை வேகவேகமாக ஒப்பந்தம் செய்தது. மின்வெட்டு தீர்ந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்து தேவை படுத்துவிட, பயன்படுத்தாத உற்பத்தித் திறனுக்கு டாலரில் காசு கட்ட வேண்டியதாயிற்று. அது தனிக் கட்டணமாக வீட்டு பில்லில் ஏறி, 2002-இல் பெரிய அரசியல் கொந்தளிப்பானது.

கானாவிலும் அதே கதைதான், கொஞ்சம் தாமதமாக. 2010-களின் நடுவில் கடும் மின்வெட்டு, அவசர ஒப்பந்தங்கள்; 2019 வாக்கில் நிலையங்களின் மொத்தத் திறன் சுமார் 5,000 மெகாவாட், உச்சத் தேவையோ 2,700 மெகாவாட் அளவில்தான். மிச்சத்துக்கு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு. பங்களாதேஷ் 2010-இல் டெண்டரே இல்லாமல் மின்நிலையம் ஒப்பந்தம் செய்ய, அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் முடியாதபடி, ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் நீங்க 2024 ஆனது.

தேவையைக் கணிக்கும்போது ஒரே எண்ணை வைத்துக்கொள்ளாதீர்கள். குறைந்த வளர்ச்சி, நடுத்தர வளர்ச்சி, அதிக வளர்ச்சி என்று மூன்றாகப் போட்டு, குறைந்த வளர்ச்சி நடந்தால் எத்தனை கோடி தண்டம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். கூரை சோலாரை மறக்கவே கூடாது. பாகிஸ்தானில் கட்டணம் ஏறிக்கொண்டே போனதால் வசதியுள்ளவர்கள் தாங்களே பேனல் போட்டுக்கொண்டார்கள். 2024-இல் மட்டும் சுமார் 17 கிகாவாட், அதாவது 17,000 மெகாவாட், பேனல் இறக்குமதியானது. அவர்கள் வெளியேற வெளியேற, மண்டப வாடகையை, அதாவது நிலையங்களுக்குக் கட்டும் அந்த நிலையான தொகையை, மிச்சமிருப்பவர்கள் பங்குபோட வேண்டியிருக்கிறது.

படி 3: ஒப்பந்தத்துக்கு முன்பே ஒழுங்குமுறை ஆணையம்

இந்தியா இதைத் தலைகீழாகச் செய்து பாடம் கற்றது. 1991-இல் மின் உற்பத்தியைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள், எட்டு 'ஃபாஸ்ட் டிராக்' திட்டங்கள் அறிவிக்கப்பட்டன, கம்பெனி தன் கையிலிருந்து போடும் பங்கு முதலீட்டுக்கு 16 சதவீத லாபம் என்று விதி. கட்டணத்தையும் ஒப்பந்தங்களையும் பரிசீலிக்கும் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கான மத்தியச் சட்டம் வந்ததோ 1998-இல். நடுவில் போட்ட ஒப்பந்தங்களை, வாங்குபவர் விற்பவர் இருவரையும் சாராத ஒருவர் உட்கார்ந்து பார்க்க ஆளில்லை.

மகாராஷ்டிரத்தில் டாபோல் மின்நிலையம் அப்படி வந்ததுதான். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானோடு 1993 டிசம்பரில் ஒப்பந்தம், டெண்டர் இல்லாமல், பேச்சுவார்த்தையில். உலக வங்கி அதே ஆண்டு இதற்குக் கடன் தர மறுத்திருந்தது. மாநில அரசு உத்தரவாதம், அது தவறினால் தான் கட்டுவதாக மத்திய அரசின் எதிர் உத்தரவாதம், டாலரோடு கட்டிய விலை, நாப்தா என்ற பெட்ரோலிய எரிபொருள். 1999-இல் முதல் கட்டம் ஓடத் தொடங்கியது, 2001 மே மாதம் மாநில வாரியம் வாங்குவதை நிறுத்தியது, அதே ஆண்டு டிசம்பரில் என்ரானே திவாலானது.

நல்ல ஆணையம் என்றால் என்ன? தலைவர், உறுப்பினர்களுக்கு நிலையான பதவிக்காலம் வேண்டும். இந்தியச் சட்டத்தில் ஐந்து ஆண்டு. ஒவ்வொரு மின் கொள்முதல் ஒப்பந்தமும் அவர்களின் ஒப்புதலோடுதான் அமலாக வேண்டும். கட்டண ஆணைக்கு முன் பொதுமக்களின் கருத்துக் கேட்க வேண்டும், கேட்டதற்கான பதில் ஆணையில் எழுத்தில் இருக்க வேண்டும். வாரியம் கட்டண மனுவே போடாமல் வருஷக்கணக்கில் சும்மா இருந்தால், ஆணையம் தானாகவே எடுத்து விசாரிக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011-இல் சொன்னது. அதைச் சொல்லியும் நடக்காத மாநிலங்கள் உண்டு. ஆளும் கட்சிக்குப் பிடிக்காத ஆணை போட்டால் அடுத்த பதவி கிடைக்காது என்ற பயம் இருக்கும் வரை சட்டப் புத்தகம் மட்டும் போதாது என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயம். வாங்குபவரே நிலையமும் வைத்திருந்தால், தன் பழைய நிலையத்தை ஓட்டிக்கொண்டு தனியாரின் மலிவான மின்சாரத்தை நிறுத்திவைக்கலாம், அல்லது ஆளைப் பொறுத்து அதற்கு எதிர்மாறாகவும் நடக்கலாம். அதனால் எந்த நிலையத்தை ஓட்டுவது என்று தீர்மானிக்கும் சுமை அனுப்புகை மையம் தனியாக இருக்கட்டும். ஓட்டச் செலவு குறைந்தது முதலில், அதிகமானது கடைசியில் என்ற வரிசையை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி தினமும் வெளியிட வேண்டும்.

படி 4: விலையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

இதுதான் அந்தப் பெரியவரின் கேள்விக்கான இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை.

500 மெகாவாட் நிலக்கரி நிலையம், செலவு 4,000 கோடி ரூபாய். வழக்கமான 70:30 விகிதத்தில் கடன் 2,800 கோடி, பங்கு முதலீடு 1,200 கோடி. மத்திய ஆணையத்தின் விதியில் இருக்கும் 15.5 சதவீதம் என்று பங்குக்கு லாபம் கொடுத்தால் வருஷத்துக்கு 186 கோடி. கடனுக்கு 10 சதவீத வட்டி, 280 கோடி. தேய்மானம் 200 கோடி. பராமரிப்பு, ஆள் சம்பளம், நடைமுறை மூலதன வட்டி எல்லாம் சேர்த்து 134 கோடி. மொத்தம் 800 கோடி. இது மண்டப வாடகை.

நிலையம் 85 சதவீதம் ஓடினால், தன் சொந்த உபயோகத்துக்கு 7 சதவீதம் போக, வருஷத்துக்குச் சுமார் 346 கோடி யூனிட் வெளியே வரும். 800-ஐ 346-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 2 ரூபாய் 31 பைசா. நிலக்கரிச் செலவு, அதாவது இலைக் கணக்கு, யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 5.31. அதே நிலையத்தைப் பாதி நேரம் மட்டும் ஓட்டினால் யூனிட் 204 கோடிதான், வாடகை அதே 800 கோடி. யூனிட்டுக்கு வாடகை மட்டும் 3.93, மொத்தம் 6.93. கால்வாசி ஓட்டினால் வாடகையே 7.86, மொத்தம் 10.86. கம்பெனி ஒரு பைசா விலை ஏற்றவில்லை, யாரும் ஏமாற்றவில்லை, அதே ஒப்பந்தம்தான், ஆனால் யூனிட் விலை இரண்டு மடங்கு. தேவைக்கு மேல் ஒப்பந்தம் போட்டதன் விலை இது.

சரி, அப்படியானால் வாடகையே கொடுக்காமல் யூனிட் கணக்கில் மட்டும் வாங்கலாமே? வாங்கலாம், சோலார், காற்றாலையில் அப்படித்தான். நிலக்கரி நிலையத்துக்கு அப்படிச் சொன்னால் எந்த வங்கியும் கடன் தராது, தந்தாலும் வட்டி எகிறும். நீங்கள் செய்ய வேண்டியது வேறு: வாடகையை நிலையம் 'தயாராக' இருந்ததோடு கட்டுங்கள். இந்தியாவில் 85 சதவீதத் தயார்நிலை காட்டினால்தான் முழு வாடகை. நிலக்கரி இருப்பு இல்லை, கொதிகலன் பழுது என்று பூட்டிக் கிடக்கும் மண்டபத்துக்கு வாடகை கிடையாது. தயார்நிலையைக் கம்பெனியே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. சுமை மையம் முன்னறிவிப்பின்றி ஓட்டச் சொல்லிப் பரிசோதிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

படி 5: ஏலம் விடுங்கள், ஆனால் மலிவான விலையைக் கண்டு மயங்காதீர்கள்

பாகிஸ்தான் 1994-இல் ஏலம் விடவில்லை. முதல் பத்து ஆண்டுகளுக்கு சராசரி யூனிட்டுக்கு 6.5 அமெரிக்க சென்ட் என்று விலையை முன்கூட்டியே அறிவித்து, வருகிறவர்கள் வரலாம் என்றது. நிறையப் பேர் வந்தார்கள். நிலையம் எங்கே வர வேண்டும், எந்த எரிபொருளில் ஓட வேண்டும் என்பதை மட்டும் யாரும் கட்டுப்படுத்தவில்லை.

ஏலம் நிச்சயமாக அதைவிட மேல். சோலாரைப் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் பூங்காவுக்கு 2015-இல் போட்ட ஒப்பந்த விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய், ஆணையம் நிர்ணயித்த விலை. இரண்டே வருஷத்தில், 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் 2.44-க்கு வந்து நின்றது. பேனல் விலை சரிந்தது பெரிய காரணம், ஏலம் இன்னொரு காரணம்.

இப்போது மறுபக்கம். குஜராத்தின் முந்த்ராவில் 4,000 மெகாவாட் நிலையத்தை டாடா பவர் 2006-இல் யூனிட்டுக்குச் சராசரி 2.26 ரூபாய் என்று கேட்டு வென்றது. கணக்கு இந்தோனேசிய நிலக்கரியை நம்பியிருந்தது. 2010-இல் இந்தோனேசியா, ஏற்றுமதி நிலக்கரியைச் சந்தை விலையை ஒட்டித்தான் விற்க வேண்டும் என்று விதி போட்டது. நஷ்டஈடு கேட்டு வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. வெளிநாட்டுச் சட்டம் மாறியதை ஒப்பந்தப்படி காரணமாகக் காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. வாங்கிய மாநிலங்களுக்கு வெற்றி. ஆனால் நஷ்டத்தில் ஓடும் நிலையம் எத்தனை நாள் ஓடும்? 2022 மே மாதம் தட்டுப்பாடு வந்தபோது, இறக்குமதி நிலக்கரி நிலையங்களை ஓட வைக்க மத்திய அரசு மின்சாரச் சட்டத்தின் 11-ஆவது பிரிவைக் கையில் எடுத்து, எரிபொருள் செலவையும் ஈடுகட்ட வேண்டியதாயிற்று. எரிபொருள் விலையைக் கம்பெனியால் கட்டுப்படுத்தவே முடியாதென்றால், அந்த நஷ்டத்தை முழுக்க அதன் தலையில் கட்டுவது காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

படி 6: யார் எதைத் தாங்குவது

ஒப்பந்தத்தை நூற்றைம்பது பக்கம் எழுதுவார்கள், அதில் உயிர் இருப்பது சில பக்கங்களில்தான். கட்டுமானம் தாமதமானாலும், செலவு கூடினாலும், இயந்திரம் எதிர்பார்த்ததைவிட அதிக நிலக்கரி தின்றாலும் கம்பெனி தாங்கட்டும். தேவை குறைந்தாலும், அரசு உள்ளூர்ச் சட்டம், வரி மாற்றினாலும், கம்பி வராவிட்டாலும் வாங்குபவர் தாங்கட்டும்.

கம்பி வராததற்குக் கென்யாவின் துர்கானா ஏரிக் காற்றாலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 310 மெகாவாட், 365 காற்றாலைகள், 2017-இல் தயார். அரசு போட வேண்டிய நானூறு கிலோமீட்டருக்கு மேலான மின்தடம் ஒப்பந்ததாரர் திவாலானதால் நின்றுபோய், 2018 செப்டம்பரில்தான் முடிந்தது. காற்று அடித்துக்கொண்டிருக்க, இறக்கைகள் நிற்க, ஓடாத மின்சாரத்துக்கு அரசு ஈட்டுத்தொகை கட்டியது. கம்பிக்கான நிலம் கைக்கு வரும் முன் நிலைய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் ஊரிலும் காற்றாலைக்காரர்கள் 'பேக் டவுன்' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். காற்று சீசனில் வாரியம் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வதுதான் அது. கட்டமைப்பின் பாதுகாப்புக்காகக் குறைத்தால் சரி, விலை காரணமாகக் குறைத்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று இரண்டையும் பிரித்து ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் வழக்குச் செலவு மிச்சம்.

படி 7: பணம் எங்கிருந்து, எந்தக் காசில்

வருமானம் ரூபாயில், கடன் டாலரில் என்றால் தூக்கம் போய்விடும். இந்தோனேசியாவில் 1997 நடுவில் ஒரு டாலருக்குச் சுமார் 2,400 ரூபியா. 1998 ஜனவரியில் பத்தாயிரத்தைத் தாண்டியது. இருபதுக்கும் மேற்பட்ட தனியார் நிலையங்களோடு டாலர் விலையில் ஒப்பந்தம் போட்டிருந்த அரசு மின் நிறுவனம், மக்களிடம் ரூபியாவில்தான் வசூலித்தது. என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதனால் முடிந்தவரை உள்ளூர்க் காசில் கடன். இந்தியாவில் பிஎஃப்சி, ஆர்இசி, இரெடா போன்ற அரசு நிதி நிறுவனங்கள் இதற்காகவே இருக்கின்றன. சிறிய அளவிலும் இது சாத்தியம். இலங்கையில் 1990-களின் கடைசியில் 10 மெகாவாட் வரையிலான சிறு புனல் நிலையங்களுக்கு மின்சார சபை ஒரே மாதிரியான, பேரமில்லாத ஒப்பந்தம் கொடுத்தது. உலக வங்கிப் பணம் உள்ளூர் வங்கிகள் வழியாக ரூபாய்க் கடனாகப் போய்ச் சேர்ந்தது. மலையகத்தின் ஓடைகளில் நிலையங்கள் வரிசையாக வந்தன.

வெளிநாட்டுக் காசு இல்லாமல் முடியாது என்றால், உபகரணம் வாங்கும் பகுதிக்கு மட்டும் டாலர் ஏற்றத்துக்கு ஈடு கொடுங்கள். உள்ளூர் சம்பளத்தையும் பராமரிப்பையும் டாலரோடு கட்ட ஒரு காரணமும் இல்லை.

வட்டியின் பலத்தையும் பார்த்துவிடுங்கள். நம் உதாரணத்தில் வட்டி 1 சதவீதம் ஏறினால் 28 கோடி, யூனிட்டுக்கு 8 பைசா. வாரியம் பில்லைத் தள்ளிப்போடும் பேர்வழி என்று பெயர் வாங்கினால் வங்கி 2 சதவீதம் கூடக் கேட்கும். 16 பைசா, ஊரிலுள்ள எல்லா மீட்டரிலும்.

படி 8: மாத பில்லுக்குப் பூட்டு

உத்தரவாதத்தை அடுக்குகளாக வையுங்கள். முதல் அடுக்கு வங்கியின் லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது வாரியம் கட்டாவிட்டால் வங்கியே கட்டும் என்ற உறுதிக் கடிதம், ஒரு மாத பில் அளவுக்கு. நம் உதாரண நிலையத்துக்கு அது சுமார் 153 கோடி. இது இல்லாமல் மின்சாரமே அனுப்பக் கூடாது என்று இந்தியாவில் 2019 ஆகஸ்ட் 1 முதல் விதி. இரண்டாவது, சில மாத பில்லுக்குப் போதுமான பொது நிதி. மூன்றாவதாக மட்டுமே அரசு உத்தரவாதம். மத்தியப் பிரதேசத்தின் ரேவா சோலார் பூங்கா, 750 மெகாவாட், இந்த மூன்று அடுக்கையும் வைத்து 2017-இல் ஏலம் விட்டது. முதல் வருஷ விலை 2.97 ரூபாய்க்கு வந்தது. வாங்கியவர்களில் டெல்லி மெட்ரோவும் ஒன்று. மாநில வாரியத்தை மட்டும் நம்பாமல், ஒழுங்காகக் காசு கட்டும் இன்னொருவரைச் சேர்த்தது கெட்டிக்காரத்தனம்.

அரசு உத்தரவாதத்தை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். டாபோலில் அதுதான் நடந்தது. உத்தரவாதம் இருக்கும் தைரியத்தில் திட்டத்தை யாரும் கூர்ந்து பார்க்கவில்லை. கொடுக்கும் ஒவ்வொரு உத்தரவாதத்தையும் பட்ஜெட்டில் தொகையோடு காட்டச் சொல்லுங்கள்.

பாக்கி ஏற்கெனவே மலையாகிவிட்டதா? இந்தியா 2022 ஜூனில் கொண்டுவந்த தாமதக் கட்டண விதி ஓரளவு வேலை செய்தது: பழைய பாக்கியை 48 தவணை வரை பிரித்துக் கட்டலாம், தவறினால் சந்தையில் மின்சாரம் வாங்கும் வழி அடைக்கப்படும். சந்தை வழி அடைபட்டால் அன்று மாலையே தெரியும் என்பதால் அதிகாரிகள் பயந்தார்கள்.

படி 9: ஒப்பந்தம் கசந்தால்

ஆட்சி மாறும், விலை விழும், பழைய ஒப்பந்தம் அநியாயமாகத் தோன்றும். ஆந்திரத்தில் 2019-இல் வந்த அரசு பழைய காற்றாலை, சோலார் விலைகளை மறுபேச்சுக்கு இழுத்தது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஒப்பந்த விலையையே கட்டச் சொன்னது. நடுவில் பாக்கி ஏறியது, புது முதலீட்டாளர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தயங்கினார்கள்.

பாகிஸ்தான் 2024 அக்டோபரில் ஐந்து பழைய நிலையங்களின் ஒப்பந்தத்தைக் காலம் முடியும் முன்பே, பேசி, பழைய பாக்கியைத் தீர்த்து முடித்துக்கொண்டது. பேச்சு முழுக்க விருப்பத்தோடு நடந்ததா என்று கேட்டால் நான் சிரிப்பேன். இருந்தாலும் கோர்ட்டில் பத்து வருஷம் கிடப்பதைவிட அது மேல். கடன் அடைந்து முடிந்த பழைய நிலையங்களில்தான் குறைக்க இடம் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். கடன் பாக்கியுள்ள புது நிலையத்தில் லாபத்தைக் குறைப்பதைவிட கடன் காலத்தை நீட்டிப்பதுதான் சுலபம். உகாண்டாவின் புஜகாலி புனல் நிலையத்தில் 2018-இல் கடனை மறுசீரமைத்தது விலையைக் குறைப்பதற்காகத்தான்.

இதெல்லாம் கையெழுத்துப் போடும் முன்பு யோசிக்க வேண்டியவை. ஒப்பந்தத்திலேயே பத்தாவது ஆண்டில் கடனை மறுசீரமைத்தால் வரும் லாபத்தில் வாங்குபவருக்கும் பங்கு என்று ஒரு வரி இருந்தால், பிறகு யாரும் யாரையும் மிரட்ட வேண்டாம். கூடவே, ஒப்பந்தத்தை முழுசாக, இணைப்புகளோடு, ஆணையத்தின் தளத்தில் போட்டுவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த விசைத்தறிக்காரர் வரும்போது, மண்டபத்தை யார், எந்தத் தேதியில், எத்தனை பேருக்குப் பிடித்தார்கள் என்பதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கலாம்.